பெட்டியில் மிச்சமிருந்த இடம்

கலாவதியைப் போன வாரம் அலுவலகக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்க்க வந்த அரசாங்க அதிகாரிகள் இரண்டு பேர். வீட்டில் அன்றைக்கே இந்தியா கிளம்பும் நாத்தனார். இனியும் காக்க வைப்பது நியாயமில்லை. வாருங்கள், அவளோடு உள்ளே போவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கலாவதியின் கம்பெனி அமெரிக்காவில், ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருக்கிறது. வெப்பத்தைப் பார்க்கும் கேமரா செய்கிறார்கள். கும்மிருட்டிலும் மாடு எங்கே படுத்திருக்கிறது, ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அது காட்டிவிடும். மாட்டைத் தேடுகிறவனிடம் இருந்தால் விவசாயக் கருவி. ஆளைத் தேடுகிறவனிடம் இருந்தால் யுத்தக் கருவி. அதனால்தான் அரசாங்க அனுமதி இல்லாமல் அது அமெரிக்காவை விட்டு வெளியே போகக் கூடாது. யார் வாங்குகிறார்கள், எதற்கு, எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டுச் சம்மதம் கொடுப்பது கலாவதியின் உத்தியோகம்.

"ஊரெல்லாம் வேலை செஞ்சு சம்பளம் வாங்குது. நீ கேள்வி கேட்டே வாங்கறே" என்பான் அவள் கணவன் அகிலன்.

இன்றைக்குக் கேள்வி கேட்டவள் வேறொருத்தி. வந்த இரண்டு அதிகாரிகளில் மூத்தவள், டோலன் என்று பெயர்; மற்றவர் கதவோரம் நின்றுகொண்டார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். குரல் அத்தனை மென்மை. மேஜை மேல் ஒரு புகைப்படத்தை வைத்தாள். எங்கேயோ மணலில் விழுந்து நொறுங்கிய டிரோன். அதன் வயிற்றில் கருகிய கேமரா.

"உங்கள் கம்பெனியுடையது. வெளியே இருந்த எண்ணைச் சுரண்டிவிட்டார்கள். உள்ளேயும் ஒன்று உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது."

கலாவதிக்குத் தெரியும். அந்தப் படத்தில் இருந்தது மாடு தேடும் ரகம் இல்லை என்பதும் தெரியும்.

"டெக்ஸஸில் ஒரு கம்பெனி, பருத்தி வயலைக் கண்காணிக்க என்று சொல்லி வாங்கியது. நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள்."

"ஆமாம். உள்நாட்டு விற்பனை. விசாரித்துத்தான் கொடுத்தேன்."

"டல்லஸ் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பூட்டிய ஷட்டர்தான் இருக்கிறது." டோலன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடியே கேட்டாள். "காப்பெலில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

அதிகாரியிடம் பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். இதை வருஷா வருஷம் கம்பெனி இஞ்சினியர்களுக்கு வகுப்பெடுப்பவளே கலாவதிதான்.

"என் கணவருடைய தம்பி இருக்கிறார். செழியன். பேங்க் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அவரைத் தவிர எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களே அங்கே ஏகப்பட்டது."

டோலன் தலையை ஆட்டினாள். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருந்தாலாவது கலாவதிக்கு மூச்சு வந்திருக்கும். முன்பே தெரிந்த விஷயத்தை யார் குறித்துக்கொள்வார்கள்?

"ஒன்றுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. கப்பல், கூரியர், தபால் எல்லாம் பார்த்துவிட்டோம். எதிலும் போகவில்லை. இந்த வேலையில் நீங்கள் கெட்டிக்காரி என்கிறார்கள். நீங்களாக இருந்தால் எப்படி அனுப்புவீர்கள்?"

தொழில் புத்தி முந்திக்கொண்டது. "ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து விடுவேன். பெட்டியில் வைத்து."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது.

டோலன் எழுந்தாள். விசாரணையைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம், வீட்டு ஆட்களிடமும் வேண்டாம் என்று அதே மென்மையோடு சொன்னாள். "உங்கள் வீட்டிலிருந்து யாராவது பயணம் போகிறார்களா?" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவலி என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் சுனோல் மேட்டில் லாரிகள் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் காய்ந்த புல் குன்றுகள். தினம் பார்க்கிற குன்றுகள்தான். இன்றைக்கு ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

போன வாரம் செழியன் வந்திருந்தான், நீங்கள்தான் பார்த்தீர்களே. அக்காவை வழியனுப்ப டல்லஸிலிருந்து விமானம் ஏறி வந்தவன், லிவர்மோர் கோயிலுக்குக் கூட்டிப்போனான், தோசை வாங்கிக் கொடுத்தான், விட்டுப் போகும்போது அக்காவைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினான். பாசக்காரத் தம்பி என்று கலாவதிகூட உருகினாள். அவன் கையோடு கொண்டுவந்த பொட்டலம் அப்போது அவள் கண்ணில் பட்டதுதான். பட்டு என்ன? இந்தியா போகிறவர்கள் பெட்டியில் இரண்டு கிலோ இடம் இருந்தால் அது ஊருக்குப் பொது. கொடுத்து விடுவார்கள், வாங்கிக்கொள்வார்கள். உள்ளே என்ன என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆபீசில் ஆயிரம் கேள்வி கேட்கிறவள், வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் கழற்றி விட்டிருந்தாள்.

அகிலனைக் கூப்பிட்டாள்.

"மீட்டிங்ல இருக்கேன் கலா. அக்காவை நான்தான் ஏர்போர்ட் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனே, நீ ஏன் பாதியில வீட்டுக்கு வர்றே?"

"தலைவலி."

"டைலனால் போட்டுட்டுப் படு. அப்புறம், அக்கா மறுபடி பெட்டியைத் தொறக்காமப் பாத்துக்கோ. அமுக்கி மூடறதுக்குள்ள எனக்கு முதுகே போயிடுச்சு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் சாதாரணப் பேச்சு. இன்றைக்கு முள் மாதிரி தைத்தது. சீ, புருஷனையுமா என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். வைதும் முள் இறங்கவில்லை.

வீட்டில் பர்வதம், மூடிய பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். அகிலனுக்கும் செழியனுக்கும் அக்கா. ஈரோடு டெலிபோன் ஆபீசில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பிகள் இரண்டு பேரையும் படிக்க வைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது கல்யாண வயது போயிருந்தது. அதற்காக ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், அதட்டுவாள், போவாள்.

"என்ன கண்ணு, இந்நேரத்துக்கே வந்துட்டே? நான் போறேன்னு அழுகாச்சியா?"

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. பெட்டியைத் தொறக்கணும்."

"எதுக்காம்? உங்க வீட்டு வெள்ளி டம்ளரை எடுத்து வெச்சுட்டனான்னு பாக்கவா?"

"விளையாடாதீங்க. செழியன் குடுத்த பொட்டலம் எதுல இருக்கு?"

பர்வதத்தின் முகம் மாறியது. "அது சீரு. அவன் சினேகிதன் வீட்டுக் கொழந்தைக்குப் பேர் வைக்கறாங்களாம். சீர்ப் பொட்டலத்தைப் பிரிக்கற பழக்கம் எங்க வீட்டுல இல்ல. உங்க தாம்பரத்துல உண்டோ என்னமோ."

"தாம்பரத்துலயும் இல்லக்கா. ஆனா இன்னிக்குப் பிரிக்கணும்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, பர்வதம் இறங்கினாள். பாதாம், வைட்டமின் டப்பா, துண்டு, ஜிப்லாக் பை எல்லாம் தரையில் பரவின. அடியில் தங்க நிறக் காகிதத்தில் சுற்றி, நீல ரிப்பன் கட்டின பொட்டலம். கலாவதி காகிதத்தைக் கிழித்தாள். குழந்தை தூங்குவதை அம்மா அடுத்த அறையிலிருந்து பார்ப்பதற்கான கேமரா என்று அட்டைப் பெட்டியில் படம் போட்டிருந்தது. கொழுகொழுவென்று ஒரு பாப்பா சிரித்தது.

"பாத்தியா? கொழந்தை சாமான்தான். போதுமா?" என்றாள் பர்வதம்.

அட்டைப் பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து நான்கு கறுப்பு உருளைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு வில்லை. சாதாரணக் கண்ணாடியில் அந்தப் பக்கம் தெரியும். இந்த வில்லையில் ஒன்றும் தெரியாது. மங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி போல நம்மையே காட்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை அது உள்ளே விடாது, வெப்பத்தை மட்டும்தான் விடும். கலாவதி அதில் தன் முகத்தைப் பார்த்தாள். எண் இருக்க வேண்டிய இடம் சுரண்டிப் புதிதாகப் பளபளத்தது.

"இது எங்க கம்பெனில செய்யறது அக்கா. குழந்தையைப் பாக்கறதுக்கு இல்ல. அரசாங்க அனுமதி இல்லாம இதை நாட்டை விட்டு எடுத்துட்டுப் போறவங்களை ஜெயில்ல போடுவாங்க."

"எடுத்துட்டுப் போறவங்கன்னா?"

பர்வதம் தன் பாஸ்போர்ட் இருந்த கைப்பையைப் பார்த்தாள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன தடவையும் குடுத்தான்" என்றாள் மெதுவாக. "அதுக்கு முந்தியும். மெட்ராஸ் ஏர்போர்ட்டுல ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு. நல்ல மரியாதை. அத்தைம்பாரு, காபி வாங்கித் தருவாரு. பேரு கேட்டதில்ல."

"ஏன் கேக்கல?"

"என்ற தம்பி அனுப்பின ஆளு. பேரு கேட்டா அவனை நம்பலைன்னு ஆயிராதா?"

கலாவதிக்குத் திட்ட வரவில்லை. அவளும்தானே கேட்கவில்லை.

பர்வதம் போனை எடுத்தாள். கலாவதி தடுப்பதற்குள் காப்பெலில் மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு, பேசாதே என்று கலாவதிக்கு விரலைக் காட்டினாள்.

"அக்கா! கிளம்பியாச்சா?" செழியன் குரல் உற்சாகமாக வந்தது.

"இன்னும் இல்ல சாமி. அந்தச் சீருப் பொட்டலம், அதைக் கையில எடுத்துட்டுப் போகட்டுமா? பெட்டியில நசுங்கிரும்."

"ஐயோ வேண்டாம், பெட்டியிலயே இருக்கட்டும்."

"அதுக்குள்ள அப்படி என்னடா இருக்கு?"

"ஏன்க்கா பிரிச்சே?"

முப்பது வருஷம் அடுத்தவர் பேச்சுக்கு ஒயர் சொருகிக் கொடுத்த காது அது. பர்வதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிரிச்சேன்னு நான் சொல்லலியே."

"இல்ல... குரல்ல ஒரு மாதிரி... அக்கா, அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

"இருந்தா என்ன?"

"அண்ணிக்கு இது தெரியுமேக்கா. அவங்க சைட்ல எல்லாம் ஓகேன்னு அண்ணன்தானே சொன்னான்? ஒண்ணும் பிரச்சனை இல்லைன்னு..." அவனுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். "நான் அண்ணன்கிட்ட பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

பர்வதம் கலாவதியைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி என்று பார்க்கவில்லை. யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா."

"அப்ப அகிலன் ஏன் அப்படிச் சொல்லோணும்?"

கலாவதி தரையிலேயே உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன் அகிலன். அப்புறம் திடீரென்று கேட்க ஆரம்பித்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மகள் அதிதியும் உட்கார்ந்திருப்பாள். எந்த மாதிரி ஆர்டரை நீ நிறுத்துவே? எதை விட்டுடுவே? உள்நாட்டுலயே விக்கறதுன்னா அவ்வளவு கேள்வி இல்லையா? "அப்பா, ஸோ போரிங்!" என்று அதிதி காதைப் பொத்திக்கொள்வாள். கலாவதி மட்டும் பூரித்துப் போய் ரசம் ஆறுவது தெரியாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். தன் வேலையை மதிக்கிற புருஷன் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

எந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று அவளேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பரிமாறிக்கொண்டே.

அப்படித்தானா? இல்லை, இதுவும் அந்த முள்ளின் வேலையா? செழியன் தப்பிக்க அண்ணன் பெயரை இழுக்கிறானோ? கலாவதிக்கு எதுவும் நிச்சயமில்லை. நிச்சயமானது தரையில் கிடந்த நான்கு உருளைகள்தான்.

அவள் போனை எடுத்தாள். பர்வதம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யாருக்கு?"

"இதைத் தேடறவங்களுக்கு."

"கண்ணு, கொஞ்சம் பொறு. நான் வெறும் பெட்டியோட போயிடறேன். இதை அந்த டெல் வாலே ஏரியில கொண்டு போய்ப் போடு. செழியனை நான் நேர்ல நாக்கைப் புடுங்கற மாதிரி கேக்கறேன். வீட்டு விஷயம் வீட்டோட போகட்டும். அவனுக்கு ரெண்டு கொழந்தைங்க. உனக்கு அதிதி."

கலாவதிக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஏரி பத்து நிமிஷத் தூரம். தண்ணீர் மூடிக்கொள்ளும். ராத்திரி ரசம் வைக்கலாம். நாளைக்கு ஆபீஸ் போகலாம். டோலன் வேறு யார் வீட்டுக் கதவையாவது தட்டட்டும்.

"அக்கா, நீங்க போன தடவை எடுத்துட்டுப் போனதுல ஒண்ணோட போட்டோவை இன்னிக்குப் பாத்தேன்னு நினைக்கறேன்" என்றாள். பேசக் கூடாது என்று டோலன் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் சொன்னாள். "அது பருத்திக் காட்டுல இல்ல. ஏதோ ஒரு எல்லையில, மணல்ல கெடந்துது. விழறதுக்கு முந்தி யாரைத் தேடிட்டுப் பறந்துச்சோ. கிடைச்சாங்களோ என்னமோ."

பர்வதம் தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டி தள்ளின கை. மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

"கூப்புடு" என்றாள். "நானே தூக்கிட்டுப் போனேன்னு சொல்லு. தெரியாமத் தூக்கினேன்னு நீயா சேத்துச் சொல்லாத. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

டோலன் முதல் மணியிலேயே எடுத்தாள். காத்திருந்தவள் போல.

"பெட்டி என்று சொன்னேன் இல்லையா? என் வீட்டில்தான் இருக்கிறது" என்றாள் கலாவதி.

"எதையும் தொடாதீர்கள். வருகிறோம். வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"நானும் என் நாத்தனாரும்."

"உங்கள் கணவர்?"

அந்தக் கேள்வி ஏன் இத்தனை சீக்கிரம் வந்தது என்று கலாவதி யோசிக்கும்போதே கராஜ் கதவு உருளும் சத்தம் கேட்டது. மீட்டிங்கில் இருந்தவன், சொன்ன நேரத்துக்கு வெகு முன்னால்.

"வந்துவிட்டார்" என்றாள்.

"அவரிடம் எதுவும் சொல்லாதீர்கள்" என்றாள் டோலன்.

பர்வதம் குனிந்தாள். தொடாதீர்கள் என்று சொன்னது ஸ்பீக்கரில் போடாத போனில். அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம். நான்கு உருளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையோடு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அகிலன் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். "என்னக்கா, ரெடியா? பே பிரிட்ஜ் முழுக்க டிராஃ..."

கண் மேஜைக்குப் போனது. அங்கேயே நின்றது.

இது என்ன என்று அவன் கேட்டிருக்கலாம். யாருடையது, எங்கிருந்து வந்தது, ஏன் வீடெல்லாம் பாதாமும் துண்டும் இறைந்து கிடக்கிறது என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்காகக் கலாவதி காத்திருந்தாள். ஒன்றே ஒன்று போதும். அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கக்கூடத் தயாராக இருந்தாள்.

"யார்கிட்ட சொன்னே, கலா?" என்றான் அகிலன்.

பர்வதத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது.

கலாவதி கையிலிருந்த போனை அந்த நான்கு உருளைகளுக்குப் பக்கத்தில், திரை மேலே தெரியும்படி வைத்தாள். டோலன் இன்னும் லைனில்தான் இருந்தாள்.